கொலுசுத் தெருவில் கடலைச் சாகுபடி

அந்தோணியண்ணா, நீ இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "பிலோ, மானத்த வாங்காத" என்று நோட்டைப் பிடுங்கி, எனக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். இப்போது பிடுங்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். அன்றைக்குப் போன மானத்தில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. என் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். (ஆறாவதுக்கும் போனேன், மூன்று நாள். கணக்கு டீச்சரைப் பார்த்ததும் காய்ச்சல் வந்துவிட்டது.) எனக்குப் பேங்கு என்றால் என்ன, கடன் என்றால் என்ன என்று ஒன்றும் தெரியாது. ஆனால் பதினெட்டு வயதில் ஒரு பேங்குக்குள் போய், ஒரு மணி நேரத்துக்குள் மேனேஜர், நகை மதிப்புப் போடுகிற ஆசாரி, வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற பெரியவர் மூன்று பேருக்கும் வியர்க்க வைத்திருக்கிறேன். படித்தவர்களால் கூட அது முடியாது.

எங்கள் தெரு சேலம் டவுனில் வெள்ளிக் கொலுசு செய்கிற தெரு. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் பாதி, மற்றவர்கள் பாதி. நான் கொலுசுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆரோக்கியம் பள்ளிக்கூடத்தில் ஆயா. அப்பா எனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். அந்தோணியண்ணன் லாரியில் கிளீனர். எங்கள் வீட்டில் தங்கம் என்று இருந்தது ஒரே ஒரு சங்கிலி. அப்பா கல்யாணத்துக்குப் போட்டது. அதில் ஒரு மாதா சுரூபம் தொங்கும். பல் முளைக்கிற வயதில் நான் அதைக் கடித்து வைத்ததில் மாதாவின் முட்டியில் ஒரு பள்ளம் உண்டு. அம்மா அதை வருஷத்துக்கு ஒரு நாள், மாதா தேருக்குத்தான் போடுவாள். மற்ற நாளெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டையில் கிடக்கும். எங்கள் மாமா ஒரு தடவை, ஒரே வாரம் அடகு வைத்துத் திருப்பித் தருகிறேன் என்று அந்தச் சங்கிலியைக் கேட்டார். அன்றைக்கு அவருக்கு வாசலைக் காட்டியவள்தான், ஆறு வருஷமாகியும் அவரோடு அம்மா பேசவில்லை.

இப்போது உங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது அப்போது தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அந்த வருஷம் தேருக்கு எட்டு நாள் இருக்கும்போது பெட்டிக்குள் கைக்குட்டை மட்டும்தான் இருந்தது. அண்ணன் டிரைவர் ஆக ஆசைப்பட்டான். கனரக லைசென்ஸ் எடுக்க, யார் யாருக்கோ கொடுக்க, பணம் வேண்டியிருந்தது. சங்கிலியை ராசாத்தி அக்காவிடம் வைத்துவிட்டான். தேருக்குள் மீட்டு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். (எங்கள் குடும்பத்தில் யாருக்குமே கணக்கு வராது.) மாமாவுக்கே அந்தக் கதி என்றால் மகனுக்கு என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து, அந்த வாரம் முழுக்க அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வயிற்றில் பூச்சி என்று அம்மா வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். அதையும் குடித்தான்.

ராசாத்தி அக்கா எங்கள் தெருவுக்கே பேங்கு. போர்டு கிடையாது, லைசென்ஸ் கிடையாது, இடுப்பில் சாவிக்கொத்து மட்டும் உண்டு. விடிகாலையில் கதவைத் தட்டினாலும் பணம் கொடுக்கும். நகைக்கு மூன்று வட்டி, சனிக்கிழமை வசூல். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் திருவிழா வரும்போதும் தெருவே வந்து நிற்கும். அக்காவின் பெட்டியில் அவ்வளவு பணம் இருக்காது. அதற்கு அது ஒரு வழி வைத்திருந்தது. எங்கள் நகைகளைக் கொண்டுபோய்ப் பஜார் பேங்கில் மறு அடகு வைக்கும். பேங்கில் வட்டி ஒன்றுக்கும் கீழே. அந்தப் பணத்தை அடுத்த ஆளுக்கு மூன்று வட்டிக்குக் கொடுக்கும்.

ஒரே பொம்பளை பத்துச் சங்கிலி கொண்டுபோனால் பேங்கில் கேட்பார்கள் இல்லையா. அதனால் தெருவில் உள்ளவர்களை ஒவ்வொருத்தராக அனுப்பும். போய் வந்தால் ஐந்து ரூபாய், ஒரு காபி. விவசாயி என்று சொன்னால் வட்டி இன்னும் கம்மி என்பதால் எல்லோரும் விவசாயிதான். ஓமலூர் பக்கம் அக்காவின் அண்ணனுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்துக் காகிதம் எங்கள் தெருவில் எல்லோர் கையிலும் ஒரு ரவுண்டு வந்திருக்கிறது.

அன்றைக்கு என் முறை. ராசாத்தி அக்கா மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சை என் கையில் வைத்து அழுத்தியது.

"அம்மிணி, யாருதுன்னு கேட்டா எங்கம்மாளுதுன்னு சொல்லோணும். என்ன பயிருன்னு கேட்டா கடலை. ஒரு ஏக்கரு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

"முடிச்சுல என்னங்கக்கா இருக்குது?"

"அது உனக்கெதுக்கு? நீ கையெழுத்து மட்டும் போடு."

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். முதல் நாள் முழுக்க சிலேட்டில் பழகியிருந்தேன். ராசாத்தி அக்கா எதிர்க் காபிக்கடையில் உட்கார்ந்துகொள்ள, நான் உள்ளே போனேன். வாசலில் துப்பாக்கிப் பெரியவரைப் பார்த்ததும் கோயில் ஞாபகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் விரல் நுனியில் இருந்த வெள்ளிக் கருப்பையும் பார்த்தார்.

எத்தனை ஏக்கர் என்றார். ஒன்று என்றேன். என்ன பயிர் என்றார். கடலை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

"செடியெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

இதை ராசாத்தி அக்கா சொல்லித்தரவில்லை. எங்கள் பின்வீட்டு முருங்கையை மனசில் நினைத்துக்கொண்டேன்.

"நல்லா வளந்திருக்குதுங்க. என்ற உசரம் இருக்கும்."

"காய் பிடிச்சிருக்கா?"

"கொத்துக் கொத்தாத் தொங்குதுங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "அப்ப பறிக்கறதுக்கு ஏணி வேணுமேம்மா?"

"ஏணி ஓமலூர்ல மாமா ஊட்டுல இருக்குதுங்க."

(கடலை மண்ணுக்குள் காய்க்கும் என்று எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. நான் பார்த்த கடலையெல்லாம் தள்ளுவண்டிப் பொட்டலத்தில் காய்த்தவை.)

அவர் பெருமூச்சு விட்டார். ஆனாலும் "கடலை, ஒரு ஏக்கர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆசாரியிடம் போகச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ராசாத்தி அக்காவிடம் பத்து ரூபாயாகக் கேட்கலாமா என்று கூடத் தோன்றியது.

ஆசாரி ஒரு மூலையில் தராசும் உரைகல்லுமாக உட்கார்ந்திருந்தார். நகை யாருடையது என்றார். எங்கம்மாளுதுங்க என்றேன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. முடிச்சை அவிழ்த்துச் சங்கிலியை எடுத்தார். மாதா சுரூபம் சுழன்று சுழன்று நின்றது. முட்டியில் பள்ளம். கொக்கிப் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு சின்ன அட்டைச் சீட்டு. அதில் 'அந்தோணி' என்று இருந்தது.

எங்கள் தெருவில் அந்தோணி மட்டும் ஆறு பேர். ராசாத்தி அக்காவுக்கு எழுத்து வாசிக்க வராது. மகளை விட்டுச் சீட்டு எழுதிக் கட்டும், பேங்குக்கு அனுப்பும்போது அவிழ்த்துவிடும். அன்றைக்கு அவசரத்தில் அவிழ்க்க மறந்து, தச்சு வேலை செய்கிற அந்தோணியின் முடிச்சு என்று எண்ணி, எங்கள் அந்தோணியின் முடிச்சை அவன் தங்கச்சி கையிலேயே கொடுத்திருக்கிறது.

"ஐயோ, இது எங்கம்மாளுதுங்க" என்றேன்.

"அதைத்தானம்மா இப்பச் சொன்ன" என்றார் ஆசாரி.

"இல்லீங்க. நெசமாலுமே எங்கம்மாளுது."

தராசில் இருந்து கையை எடுத்தார். "அப்ப முன்னால சொன்னது?"

"அது பொய்யிங்க."

"இப்பச் சொல்றது?"

"அதேதானுங்க. ஆனா இது நெசம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையில் இருந்த சங்கிலியை வாங்கி, இல்லை, பிடுங்கி, என் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு நாளில் தேர், அம்மா பெட்டியைத் திறப்பாள், அண்ணனை வீட்டை விட்டுத் துரத்துவாள், இதை நான் எப்படிக் கழற்றித் தருவேன் என்று ஒரே மூச்சில் ஒப்பாரி. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள். ஒரு பாட்டியம்மா என்னோடு சேர்ந்து அழுதது. துப்பாக்கிப் பெரியவர் ஓடி வந்தார், பாதி வழியில் துப்பாக்கியை நாற்காலியிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பி ஓடினார்.

மேனேஜர் என்னை அறைக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். நிலம் இல்லை, கடலை இல்லை, ஏணியும் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவாக ஒன்று கேட்டார்.

"உங்க தெருவுல இன்னும் யாரும்மா கடலை போட்டிருக்காங்க?"

அவர் அன்பாகக் கேட்டதால் நானும் அன்பாகச் சொன்னேன். செசிலி அக்கா, மாரியாயி, பெரிய மேரி, சின்ன மேரி, தையல்காரத் திரேசா. நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு பெரிய நோட்டைத் திறந்து விரலால் தேடினார். ஒவ்வொரு பேராக அகப்பட்டது.

"இவங்க எல்லாருக்கும் கடலைதானா?"

"பெரிய மேரி அக்காளுக்கு மட்டும் மஞ்சளுங்க. அதுக்குக் கடலை சேராது, பித்தம்."

எனக்குக் கொடுத்த தண்ணீரில் மீதியை அவரே குடித்தார். அவருடைய கஷ்டம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. விவசாயிகளுக்கு இவ்வளவு கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் இருந்து உத்தரவு. பேங்கு இருப்பதோ நடு பஜாரில். அங்கே விவசாயிக்கு எங்கே போவார்? முன்னால் இருந்த மேனேஜர் உத்தரவுக்கு மேலேயே கொடுத்து நல்ல பெயர் வாங்கி மாற்றலாகிப் போயிருந்தார். அந்த விவசாயிகள் எல்லாம் எங்கள் தெருவில் ஊதுகுழலால் கொலுசு பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ராசாத்தி அக்காவுக்குப் பேங்கின் மலிவுப் பணம் வேண்டும், பேங்குக்கு ராசாத்தி அக்காவின் விவசாயிகள் வேண்டும். இவர் வந்த நாளில் இருந்து, இவர்கள் உண்மையிலேயே விவசாயிகள்தானா என்ற ஒன்றை மட்டும் கேட்காமலே இருந்தார். அதற்கான பதிலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ராசாத்தி அக்கா உள்ளே வந்தது. காபி மூன்றாவது டம்ளர் ஆகியும் நான் வெளியே வராததால் பயந்து வந்திருக்கிறது. என் கழுத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சார், அது என்றதுங்க."

"உங்களுதா?" என்றார் மேனேஜர். "அடகுக்கு வாங்கினதா? அப்ப லைசென்ஸ் இருக்கணுமே."

ராசாத்தி அக்கா அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தது.

"இல்லீங்க சார். அது அந்தப் புள்ளையுதேதானுங்க."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார். என் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. வீட்டுக்குப் போம்மா."

வெளியே வந்ததும் ராசாத்தி அக்கா அடிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது காபிக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்தது. "ஆறு அந்தோணியில எந்த அந்தோணின்னு பாக்காமக் குடுத்துப்போட்டேனே" என்று அதையே நாலு தடவை சொன்னது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டது.

"சாமி, சங்கிலி உங்ககிட்டயே இருக்கட்டும். உங்கண்ணனை வாராவாரம் முடிஞ்சதக் குடுத்துரச் சொல்லு. ஆனா அந்த மேனேஜருகிட்ட மட்டும் இனி எதும் பேசாத, உனக்குக் கோடிப் புண்ணியம்."

ராசாத்தி அக்கா பொருள் வாங்காமல் கடன் கொடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். ஐந்து ரூபாயைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணன் மத்தியானம் வந்தான். நான் தாவணியை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன். அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவதற்கு எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், நடந்ததைச் சொன்னேன். ஏணி வரைக்கும் வந்தபோது அவன் சிரிக்க ஆரம்பித்தான், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தான். அம்மா வருவதற்குள் சங்கிலியைக் கைக்குட்டையில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். அன்றைக்கு ராத்திரி மூன்று தட்டு சோறு தின்றான். வேப்பங்கொழுந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்றாள் அம்மா.

ஆனால் சீட்டை யாரும் கழற்றவில்லை. நான் கழற்றியிருப்பேன் என்று அவனும், அவன் கழற்றியிருப்பான் என்று நானும்.

தேர் அன்றைக்கு அம்மா இருட்டோடு எழுந்து, குளித்து, சங்கிலியைப் போட்டுக்கொண்டு மெழுகுவத்தியோடு முன்னால் நடந்தாள். நானும் அண்ணனும் பத்தடி பின்னால். பாட்டு நடக்கிறது, மாதா பூவும் லைட்டுமாக வருகிறாள். அம்மா குனிந்து நிமிர்ந்தபோது பார்த்தேன். கொண்டைக்குக் கீழே, முதுகில், அட்டைச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. 'அந்தோணி'.

அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நடுவில் ஜனம், போக முடியவில்லை. அப்போது அம்மாவுக்கு நேர் பின்னால் ஒரு ஆள் நுழைந்தது. ராசாத்தி அக்கா. மாரியம்மன் நோம்புக்கு நாங்கள் போவோம், எங்கள் தேருக்கு அது வரும். கையில் ஒரு பக்கம் மெழுகுவத்தி, ஒரு பக்கம் பேத்தி. வேறு வழி இல்லாமல் குனிந்து, அம்மாவின் கழுத்தில் வாயை வைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சீட்டை வாயிலேயே வைத்துக்கொண்டது. அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

ராசாத்தி அக்கா வாயைத் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டியது. பிறகு சத்தமாகப் பாட்டில் சேர்ந்துகொண்டது, வார்த்தை இல்லாமல்.

வீட்டுக்கு வந்து அம்மா சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தாள். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"லைசென்சு வந்துருச்சாடா?" என்றாள்.

அண்ணன் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"ராசாத்தி என்ற கழுத்தக் கடிக்கோணும்னா ஒரு காரணம் இருக்கோணுமில்ல. உங்கப்பன் படுத்தப்ப இதே சங்கிலிய நானே அவகிட்ட ரெண்டு தடவ வெச்சேன். அப்பவும் இந்தக் கொக்கியில ஒட்டியிருக்கற இதே மாதிரி நூலுதான், அதுல ஒரு சீட்டு." பெட்டியை மூடினாள். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றாள். (கொடுத்திருக்க மாட்டாள். மாமா சாட்சி. ஆனால் அதை அப்போது சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா.)

அடுத்த மாதம் மேனேஜர் லாம்ப்ரெட்டாவில் எங்கள் தெருவுக்கே வந்தார். கடலைக் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று செசிலி அக்காவிடம் சொன்னாராம், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, கொலுசு வேலை என்று உண்மையாகவே எழுதி, அவரவர் நகைக்கு அவரவர் பெயரில் கடன் போட்டுக் கொடுத்தார். வட்டி கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் மூன்று இல்லை. ராசாத்தி அக்கா படுத்துவிடும் என்று நினைத்தோம். இல்லை. பேங்குக்கு எங்களைக் கூட்டிப்போய் மகளை விட்டு ஃபாரம் நிரப்பித் தர ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்க ஆரம்பித்தது. பேங்கு இரண்டு மணிக்கு மூடிவிடும். பிள்ளைக்கு வயிற்றுவலி மூன்று மணிக்கு வந்தால் அப்போதும் ராசாத்தி அக்காதான்.

அண்ணன் டிரைவர் ஆனான். முதல் டிரிப்பில் கிடைத்த படிக்காசில் இருந்து வாராவாரம் கொடுத்து, ஏழு மாதத்தில் கடனை அடைத்தான். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போனான். அந்தத் தேரில் இருந்து எங்கள் வீட்டில் யார் புதுசு உடுத்திக்கொண்டு கிளம்பினாலும் ஒருத்தர் பின்னால் போய்க் காலருக்குள் கை விட்டுப் பார்த்து, "சீட்டு இருக்குதா பாரு" என்போம். என் கல்யாணத்தில் சாமியார் முன்னால் முட்டி போட்டிருக்கும்போது அண்ணன் பின்னால் இருந்து என் முக்காட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்ல, தாராளமாக் கட்டிக்கலாம்" என்றான். சாமியாருக்கே பாதி மந்திரம் மறந்துவிட்டது.

இந்தத் தை மாதம் காமாலை வந்து பன்னிரண்டு நாளில் அவன் போய்விட்டான். இருபத்தெட்டு வயசு. சவப்பெட்டியில் வைப்பதற்கு முன் அவனுடைய வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டோம். அம்மா அதுவரைக்கும் அழவே இல்லை, கல் மாதிரி இருந்தாள். காலரைச் சரி செய்தவள் அப்படியே உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். பழக்கம். நான் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் பயந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அம்மாவால் அழ முடிந்தது.

பக்கத்தில் நின்ற ராசாத்தி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "சீட்டு இல்லீங்கக்கா. பய ஆருக்கும் ஒரு கடனும் வெக்காமத்தான் போயிருக்கறான்."

அண்ணா, அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அன்றைக்கு மூச்சு வந்தது.

வருகிற ஞாயிறு அவனுடைய முப்பதாம் நாள் பூசை. இதைப் படிக்கிறவர்கள் வேதக்காரர்களாக இருந்தால் அவனுக்காக ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றும்போது அவன் பேரையும் ஒரு தடவை சொல்லுங்கள். அந்தோணி என்று மட்டும் சொன்னால் ஆறு பேரில் எவன் என்று குழப்பம் வந்துவிடும். ஆரோக்கியத்தின் மகன், லாரி டிரைவர் அந்தோணி என்று சொல்லுங்கள்.